குட்டித் தங்கச்சிகளின் கடைசிப் பாட்டு

மாப்ள,

உன் பாட்டை வெட்டிவிட்டார்கள். நலம் விசாரிக்கிற இடத்தில் நீ இப்போது இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். நீயும் நானும் சேர்ந்து பாடிய, கதையின் முடிவில் வருகிற பாட்டை அடியோடு எடுத்துவிட்டார்கள். அது போதாதென்று உன் அஞ்சலிக் கூட்டத்தில் உன்னை 'ராட்சத மிருகத்துக்குக் குரல் கொடுத்தவர்' என்று திரையில் எழுதிப் போட்டார்கள். நீ ஒருநாளும் மிருகமாக இருந்ததில்லை. அந்த உறுமல் நம் கேம்ப் சமையல்காரர் குல் பாய் பிரியாணி அண்டாவுக்குள் தலையை விட்டு உறுமியது. அவருக்குச் சேர வேண்டியதை உனக்குக் கொடுத்தார்கள். உனக்குச் சேர வேண்டியதைக் குப்பையில் போட்டார்கள்.

இன்று காலை பால் விடாத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உன் பழைய கேசட்டிலிருந்து எடுத்த அந்தப் பதிவு கைபேசியில், சங்கத்துக் குரூப்பில், மறுபடியும் வந்தது. அடுத்த மாதம் குழந்தைகள் விழாவில் இதைப் போடப்போகிறோம், பிள்ளைகள் கேட்டுவிட்டு மிருகத்தைப் படமாக வரைந்து வரட்டும் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் எழுதியிருந்தார். அழுத்தினேன். கொஞ்சம் இரைச்சல். பிறகு நீ. "எல்லாரும் உக்காருங்கப்பா, படம் போடப்போறோம். டேய், அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்து." கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் குரல் மட்டும் அல் ஐன் தொழிற்பேட்டையில், சனாயாவில், நம் பழைய லேபர் கேம்பின் மெஸ் ஹாலில், ஆட்களை உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த மெஸ் ஹால் உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவியையும் வீடியோ பெட்டியையும் மேசைமேல் ஏற்றுவோம். தமிழ்ப் படம் போட்டால் பெங்காலிகள் எழுந்து போவார்கள். ஹிந்திப் படம் போட்டால் நம் ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். மலையாளப் படம் போட்டால் கேம்ப் பாஸ் மட்டும் சிரிப்பார். கடைசியில் கேசட் கடைக் கோழிக்கோட்டுக்காரர்தான் வழி சொன்னார். "ஜப்பான் படம் கொண்டு போங்க. ராட்சசன் வருவான், ஊரை மிதிப்பான். அதுக்கு பாஷை எதுக்கு?" பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது அரபி எழுத்து. இரண்டும் எவனுக்கும் புரியாது என்பதால் எல்லாருக்கும் சம்மதம். தேய்ந்த டேப்பில் அந்தப் பிராணிக்கு இருப்பது இறக்கையா துடுப்பா என்றுகூடத் தெரியாது.

நீ டிவி பக்கத்தில் நின்றுகொண்டு கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. உன்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் சிலவற்றில் இரண்டு குட்டிப் பெண்கள் வருவார்கள். நம் சுலைமானி கிளாஸ் உயரம்தான் இருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைப் பேசுவார்கள். அவர்கள் பாடினால் எங்கோ கடலுக்கு அப்பால் தூங்கும் பிராணி கண் விழித்துக் கிளம்பி வரும். கேம்பில் அவர்களுக்குத் 'தங்கச்சிங்க' என்று பெயர் வந்தது. திரையில் பெண் வந்தாலே விசிலடிக்கிற கூட்டம் அது. அவர்கள் வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும். எல்லாருக்கும் ஊரில் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி ஒருத்தி இருந்தாள்.

அவர்கள் அந்தப் பிராணிக்கு யார் என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை நடந்தது. "அரே பாய், யே இஸ்கி மா ஹை" என்றார் குல் பாய். இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இவ்வளவு சின்ன அம்மாவா என்று சிரித்தோம். பூசாரிகள் என்றார்கள் நம் ஆட்கள். நீ என்னைக் காட்டினாய்.

"இவன் மேல கிரேன்ல உக்காந்திருக்கான். அங்கருந்து பாத்தா நான் எவ்வளவு தெரிவேன்?"

"சுண்டு விரல் நகம்" என்றேன்.

"நகம் சொன்னாத்தான் கிரேன் திரும்புது. தங்கச்சிங்க ரிக்கர்டா."

நான் டவர் கிரேன் ஓட்டினேன். நீ கீழே நின்று சுமையைக் கட்டி, கைச் சைகையிலும் வாக்கி டாக்கியிலும் எனக்கு வழி சொல்கிற ரிக்கர். நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்ற தொழில் என்பதால் யார் திருத்தினாலும் எனக்குப் பிடிக்காது. உன் சொல்லுக்கு மட்டும் கை தானாகப் போகும். வேலை நடுவே வாக்கி டாக்கியில் நீ முணுமுணுக்கிற பாட்டைக் கேட்டு சைட் எஞ்சினியர், "கௌன் கா ரஹா ஹை?" என்று கத்துவார். யார் பாடுவது என்று சைட்டில் ஒருவரும் காட்டிக்கொடுத்ததில்லை.

மாரிமுத்துவுக்குச் சாமி வந்த நாளைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. கேசட்டில் தங்கச்சிங்க பாடுகிற இடத்தை ஆட்கள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் அங்கே மட்டும் சத்தம் செத்துவிட்டது. வாய் அசைகிறது, பாட்டு இல்லை. மெஸ் ஹால் கூச்சல் போட்டது. உன் அப்பா உங்கள் ஊர்க் கோயிலில் சாமி அழைக்க வர்ணிப்புப் பாடியவர். அந்த மெட்டு உன் தொண்டையில் இருந்தது. காலி நெய் டின்னை எடுத்து உடுக்கை மாதிரி தட்டிக்கொண்டு நீ பாடத் தொடங்கினாய். படத்துக்குத்தான் பாடினாய். ஆனால் வந்த சொற்கள் அப்பா பாடிய சொற்கள். கருப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாய்.

கம்பி கட்டுகிற மாரிமுத்து ஊரில் சாமியாடி என்று நமக்கு யார் சொன்னார்கள்? பெஞ்சிலிருந்து அவன் எழுந்த எழுச்சியில் தட்டுகள் பறந்தன. மேசைமேல் ஏறி, "யார்ரா கூப்ட்டது?" என்றான். அது அவன் குரலே இல்லை. திரையில் பிராணி கடலைப் பிளந்து வந்துகொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

வாசலில் கேம்ப் பாஸ் வந்து நின்றார். "எந்தா இவிடெ பஹளம்? ஆரா குடிச்சது?"

கேம்பில் குடித்துவிட்டு ஆடினான் என்று ஆபீஸுக்குப் போனால் கலாஸ், அதோடு முடிந்தது, விசா கேன்சல், மறுநாள் ஏர்போர்ட்.

"குடிக்கல சார். சாமி" என்றாய்.

"சாமியோ? சாமிக்கு விசா உண்டோ?"

"கொஞ்ச நேரம் சார். அனுப்பி வச்சிர்றேன்."

திருநீறுக்கு எங்கே போவது? "குல் பாய், ஆட்டா! ஜல்தி!" என்றாய். அவர் கோதுமை மாவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மாவை அவன் நெற்றியில் பூசினாய். "தப்பா கூப்ட்டுட்டேன் சாமி. படத்துக்காகப் பாடுனது. மனசு குளுந்து மலையேறிரு சாமி."

மாரிமுத்து கண்ணை உருட்டினான். "எந்த மலைடா?"

நீ திகைத்ததை நான் பார்த்தேன். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். வெயிலில் வெளுத்துப்போய் ஜெபல் ஹஃபீத் மலை நின்றது. "அந்தா நிக்குது சாமி. உச்சி வரைக்கும் ரோடே போட்டு வச்சிருக்கான்."

பிறகு அனுப்புகிற பாட்டைப் பாடினாய். வரிகள் பாதிதான் தெரிந்தன, மீதியை நீயாகவே கட்டினாய். மாரிமுத்து மடங்கி விழுந்தான். தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுத் திரையைப் பார்த்து, "என்ன மாப்ள, இன்டர்வெல்லா?" என்றான். கேம்ப் பாஸே சிரித்துவிட்டார். விஷயம் ஆபீஸுக்குப் போகவில்லை.

நீ மட்டும் சிரிக்கவில்லை. ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "வரச் சொன்னவன் போறதுக்கும் வழி சொல்லணும் மாப்ள. இல்லேன்னா கூப்பிடவே கூடாது" என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கேசட்டை முழுக்கப் பார்த்தாய். தங்கச்சிங்க இரண்டு தடவை பாடுவதை நாம் அன்றுதான் கண்டோம். வரச் சொல்லி ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு, போகச் சொல்லி ஒன்று. சண்டை முடிந்ததும் நாம் டீக்கு எழுந்து போய்விடுவோம். அதனால் இரண்டாவதைக் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ உன் சொந்த வரிகளைக் கட்டினாய். எந்தச் சாமி பேரும் இல்லாமல் கட்டினாய். மாரிமுத்துவை நினைத்தும்தான். குல் பாயும் பெங்காலிகளும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும்தான். தங்கச்சிங்க இரண்டு பேர் என்பதால் இன்னொரு குரல் வேண்டும் என்று என்னைப் பிடித்தாய். "என் குரல் தகரம் மாப்ள" என்றேன். "நல்ல குரல் வேணாம். என் மூச்சு பழகினவன் வேணும்" என்றாய்.

*வந்த வழி தெரியுமய்யா, வளர்த்த கடல் தேடுதய்யா*
*நின்ன எடம் போதுமய்யா, நெழலெடுத்துப் போய் வாய்யா*
*அடிச்ச கை ஆறட்டும்யா, அலையில வச்சுக் கழுவிக்கய்யா*
*கூப்ட்ட நாங்க நிக்கிறோம்யா, கூட வந்து அனுப்புறோம்யா*

இதை எழுதும்போது மெட்டு வருகிறது. குரல் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ போன பிறகு நான் தங்கச்சிகளைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அந்தப் படங்களில் ராணுவம் வருகிறது, விஞ்ஞானி வருகிறார், மந்திரி வருகிறார். எல்லாருக்கும் அந்தப் பிராணியைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக் கட்டிவைத்து வேலை வாங்க வேண்டும். தங்கச்சிகளுக்கு இரண்டும் வேண்டாம். அவர்கள் அதற்கு உத்தரவு போடுவதில்லை. அதைக் கண்டு பயப்படுவதும் இல்லை. கூட இருக்கிறார்கள். வந்த வேலை முடிந்ததும், இங்கே நீ நிற்க வேண்டியதில்லை, உன் இடத்துக்குப் போகலாம் என்று அதற்குப் புரிகிற மொழியில் சொல்கிறார்கள். பெரியதை அடக்குவதற்குத்தான் பலம் வேண்டும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேபினில் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

நீ கீழே நின்றவன். சுமை இறங்கி உட்கார்ந்ததும் சைட்டில் எல்லாரும் முதுகைக் காட்டிவிடுவார்கள். நீ மட்டும் காலிக் கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாய். சுமையிலிருந்து அவிழ்த்து கொக்கியில் தொங்குகிற பெல்ட் எதிலாவது மாட்டி இழுத்தால் இறக்கி வைத்த சுமையே சாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். கொக்கி எல்லாவற்றையும் தாண்டி மேலே போன பிறகுதான் வாக்கி டாக்கியில் "போய்ட்டு வா" என்பாய். என்னிடம் சொல்கிறாயா கொக்கியிடம் சொல்கிறாயா என்று நான் கேட்டதில்லை.

இனி உன் குரல் பதிந்த கேசட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரில் உன் மகள் கவிதா சின்னப் பிள்ளை. அப்போதெல்லாம் நாம் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கேசட்டை ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவோம். டேப் ரெக்கார்டரை மெஸ் ஹால் மேசையில் வைத்து, ஒரு வெள்ளிக்கிழமைப் படத்தை முழுக்க அவளுக்காகச் சொன்னாய். படத்தைப் பார்க்காமலே அந்தப் பிள்ளை படம் பார்த்தது. குல் பாய் உறுமினார், பெங்காலிகள் கூட்டமாக ஓடுகிற சத்தம் போட்டார்கள், மாரிமுத்து கடல் அலையாக இரைந்தான். கடைசியில் நீயும் நானும் பாடினோம். அதே கேசட்டைத்தான் இப்போது இவர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

நீ சிவகங்கையில் கண்ணை மூடியபோது நான் இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நேரம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஃப்ளைட் ஏறக் கூடாது என்றார் டாக்டர். என் மகன் அதையே பிடித்துக்கொண்டான். ஒருபிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கவிதா காரியம் முடித்துத் திரும்பி வந்ததும் சங்கத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். உன் கேசட்டைப் போடப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பாட்டு வரும்போது நானும் கூடச் சேர்ந்து பாடிவிடலாம், ஊருக்குப் போகாத குறை அதில் தீரும் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். சண்டை வந்தது. உறுமல் வந்தது. நான் மூச்சை இழுத்தேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள். கைதட்டல். சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கிற சத்தம்.

எழுந்து நின்று, "பாட்டு எங்கே?" என்றேன்.

"அப்பா, உக்காருங்க" என்று மகன் சட்டையை இழுத்தான்.

செயலாளர் நல்ல மனுஷன்தான், கோயம்புத்தூர்க்காரர், எஞ்சினியர். பக்கத்தில் வந்து மெல்லப் பேசினார். "கிளைமாக்ஸ்தான் முடிஞ்சிருச்சேங்க ஐயா. அதுக்கு மேல பசங்க உக்கார மாட்டாங்க. கேட்டா சாமி பாட்டாட்டம் வேற இருக்குதுங்க. பொது ஹால், எதுக்குங்க வம்பு?"

"அதுல ஒரு சாமி பேர் இருந்தா காட்டுங்க தம்பி. நான் இந்த ஊரைவிட்டே போயிர்றேன்."

"ஐயா, எடிட் பண்ணது நானில்லீங்க. எனக்கு வந்ததே அப்படித்தான் வந்துச்சு."

அவரை நான் நம்பவில்லை. மறுநாள் கவிதாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் இங்கே ஸ்கூலில் கணக்கு டீச்சர் என்பது உனக்குப் பெருமை. கோபப்பட்டுக்கொண்டே தொடங்கினேன்.

"நான்தான் பெரியப்பா கட் பண்ணேன்" என்றாள்.

"ஏம்மா? அதுதானே உங்கப்பன் கட்டின பாட்டு."

"அந்தப் பாட்டு முடிஞ்சதும் அப்பா என்ன சொல்வார்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? 'சரி கண்ணு, அப்பா டியூட்டிக்குப் போறேன்'னு சொல்வார். டக்குனு ஒரு சத்தம். அப்புறம் வெறும் டேப் ஓடும். சின்ன வயசுல ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அழுதேன், அப்புறம் பாட்டு ஆரம்பிச்சதுமே ஓடிப்போய் நிறுத்திருவேன். நிறுத்திட்டா அவர் போகலைல்ல? அதுக்கப்புறம் நான் அத முழுசா கேட்டதே இல்ல பெரியப்பா. போன மாசம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதும் கை தானா அங்க நின்னுருச்சு."

அவ்வளவு சின்னப் பிள்ளை உன்னைப் போகவிடாமல் பிடித்துவைக்க ஒரு பொத்தானைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனாலும் மாப்ள, என் குணம் உனக்குத் தெரியும். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அதனால் நான் மாறவில்லை. இத்தனை வருஷமாக அவள் உன்னைப் பாதிப் பாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாள். நானும் அஞ்சலிக் கூட்டத்தில் இழுத்த மூச்சை இன்னும் விடவில்லை. தனியாகப் பாடிப் பார்த்தேன். குளியலறையில், மாடியில், நடைப்பயிற்சியில். முடியவில்லை. நான் எப்போதும் உன் மூச்சைக் கேட்டு அரை நொடி கழித்துச் சேர்கிறவன். அந்த அரை நொடிதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைத் தொடங்க முடியாது.

ஆகவே நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் இப்போதிருக்கிற பதிவைக் குரூப்பிலிருந்து எடுக்க வேண்டும். பாட்டையும், அதற்குப் பிறகு நீ பேசுவதையும் சேர்த்து முழுசாகப் போட வேண்டும். மிருகத்தின் குரல் என்ற இடத்தில் குல் பாய் பெயர் வர வேண்டும், அவர் இன்று எந்த ஊரில் இருந்தாலும், இல்லாவிட்டாலும். தங்கச்சிகளின் குரல் என்ற இடத்தில் உன் பெயர் வர வேண்டும். என் பெயரை விடுவது அவர் இஷ்டம், ஆனால் போடுவதுதான் நியாயம். பிள்ளைகள் மிருகத்தை வரையட்டும், அதோடு தங்கச்சிகளையும் வரைய வேண்டும், தாளின் மூலையில் அல்ல. என் மகன் விழாவன்று சாப்பாட்டு டப்பாக்களை ஹாலுக்கு வெளியே காரில் வைத்துப் பூட்ட வேண்டும். அவனுக்குச் சங்கத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டாம்.

கவிதா ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வர வேண்டும். இப்போது வெள்ளி லீவு இல்லை, ஞாயிறுதான். கேசட்டைக் கடைசிவரை கேட்க வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன். அழட்டும், நிறுத்தக் கூடாது. பிறகு அவள் உன் குரலைக் கற்க வேண்டும், முதல் குரலை. பாட வராது என்பாள். உனக்கும்தான் வராது. விழா மேடையில் அவள் தொடங்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தாலும், அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.